கோப்பிப் பட்டறையில் ஒரு கறுப்பு டின்

அத்தியாயம் 3

"இது குடிகாரன் வேலை இல்லக்கா. சத்தியமா இல்ல."

சன்னாசி காரின் பின்பெட்டிக்குள் தலையை விட்டபடியே சொன்னான். உள்ளே ஒரு நீல பிளாஸ்டிக் பேசின். பேசினுக்குள் விரித்த பழுப்புத் தாள். தாளின் மேல் ஒரு டின் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர், மூடி திறந்தபடி, விளிம்பு வரைக்கும் நிறைந்து நின்றது.

"எப்படிச் சொல்ற?" என்றாள் மாதுமை.

"தொறந்த டின்ன ஒரு வாய்கூட குடிக்காம விட்டுட்டுப் போறவன் குடிகாரனா? எங்க வம்சத்துலயே அப்படி ஒருத்தன் பொறக்கலலா."

மாதுமை சிரிக்கவில்லை. அவள் சிரிக்க மாட்டாள் என்று தெரிந்தும் சொல்லி வைப்பதுதான் சன்னாசிக்குப் பழக்கம். இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்த் தீவிபத்துகளைத் தோண்டி எடுத்தவள் அவள். இப்போது ஈப்போ நகரத்து லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் சொந்தமாக விசாரணை அலுவலகம் வைத்திருக்கிறாள். சன்னாசி ஒரு காலத்தில் லாரி ஓட்டியவன். இப்போது அவளுக்கு டிரைவர், எடுபிடி, உதவியாளர், யாரும் கேட்காமலே ஜோக் அடிக்கிற ஆள், எல்லாம் அவன்தான்.

பட்டறைத் தெருவோரம் நின்ற அந்தக் கார் புனிதவதியுடையது. மெங்லம்புவில் வரிசையாக நிற்கும் சின்னச் சின்னப் பட்டறைகளில் கடைசிப் பட்டறையும் அவளுடையதுதான். கோப்பிக் கொட்டை வறுத்து, அரைத்து, பொட்டலம் போடுகிற இடம். எட்டு மாதத்துக்கு முன்பு வரை அவள் கணவர் தனேஸ்வரன் நடத்தியது. நுரையீரலில் நீர் கோத்து, ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து அவர் போய்ச் சேர்ந்தபிறகு அவளும் மகள் பிரதீபாவும் நடத்துகிறார்கள்.

"போன சனிக்கிழமையும் இதே மாதிரிதான், தங்கச்சி," என்றாள் புனிதவதி. மாதுமையைப் போலவே யாழ்ப்பாணத்து வம்சம். ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தும் அந்தப் பேச்சு நாக்கை விட்டுப் போகவில்லை. "ஆறு மணிக்கு வந்து திறந்தனான். உள்ளுக்க இப்பிடியே இருந்தது. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பின்வாசல் வாய்க்காலில ஊத்திப்போட்டு, தரையைக் கழுவினன். இண்டைக்குத் திரும்பவும்…"

முழுக்கச் சொல்ல முடியாமல் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. திங்கட்கிழமை காலையில் ஹலால் சான்றிதழுக்கான தணிக்கை. பட்டறைக்கு அதிகாரிகள் நேரில் வருகிறார்கள். மாதக் கடைசிக்குள் சான்றிதழ் கைக்கு வந்தால்தான் பேரங்காடி அவர்கள் தூளை அலமாரியில் வைக்கும். வராவிட்டால் வறுக்கிற டிரம்மை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான். அப்பேர்ப்பட்ட இடத்தில் ஒரு டின் ஸ்டவுட் கண்ணில் பட்டால் கதை அங்கேயே முடிந்தது.

"பூட்டு உடைஞ்சிருக்கா அக்கா?" என்று கேட்டாள் மாதுமை.

"இல்லை."

"சாவி எத்தனை?"

"மூண்டு. ஒண்டு என்னட்ட. ஒண்டு மகளிட்ட." புனிதவதி சற்று நிறுத்தினாள். "மற்றது அவற்ற."

"அவருடைய சாவி இப்ப எங்க?"

"தெரியேல்லை. ஆஸ்பத்திரியில குடுத்த பையில இல்லை."

இதைச் சொல்லும்போது அவள் மாதுமையைப் பார்க்கவில்லை, பேசினையே பார்த்துக்கொண்டிருந்தாள். சன்னாசி அதைக் கவனித்தான். அப்போதைக்கு அதற்கு அர்த்தம் புரியவில்லை.

டின்னை நகர்த்துவதற்கு முன்பு கைப்பேசியில் எடுத்த படத்தைப் புனிதவதி காட்டினாள். மாதுமை அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு கைக்குட்டையால் டின்னைத் தூக்கி, கீழே இருந்த தாளைத் தடவினாள்.

"காய்ஞ்சிருக்கு. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த டின் என்றால் வேர்த்துத் தாளில வட்டம் விழுந்திருக்கும். இது ஜில் இல்லாத டின்."

"ஜில் இல்லாம ஸ்டவுட்டா? அட கடவுளே, அது கஷாயம்லா!"

டின்னின் அடியில் சிவப்புக் கரை போட்ட சின்ன விலை ஸ்டிக்கர். அதில் பாதி அழிந்த ரப்பர் முத்திரை. 'லியோங்' என்பதும் '6' என்பதும் மட்டும் தெரிந்தன. சன்னாசி அதைப் படம் எடுத்துக்கொண்டான். இந்தக் காலத்தில் எந்தக் கடைக்காரன் டின்னுக்கு முத்திரை குத்துகிறான் என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"உங்களுக்கு யார்மேல சந்தேகம் அக்கா?"

"ஆரைச் சொல்ல? கோப்பி விக்கிற ஆக்களுக்குப் பொறாமை இருக்கலாம்." புனிதவதியின் குரல் இறங்கியது. "எனக்கு ஒண்டு மட்டும் தெரிஞ்சாக் காணும், தங்கச்சி. இதை ஒரு ஆள்தான் வச்சதோ எண்டு."

"ஆள் வைக்காம டின்னு நடந்தா வந்துச்சு?" என்றான் சன்னாசி. மாதுமை அவன் காலை மிதித்தாள்.

*

பட்டறைக்குள் அவர்கள் தீவிபத்து இன்சூரன்ஸுக்காகப் பார்க்க வந்தவர்களாகப் போனார்கள். மாதுமைக்கு அந்த வேஷம் போடத் தனியாக எதுவும் செய்யவேண்டியிருக்கவில்லை.

வறுத்த கோப்பியும் மார்ஜரினும் சீனியும் கலந்த வாசனை வாசலிலேயே ஆளைப் பிடித்தது. ரொஹானா என்ற மலாய்க்காரப் பெண் பொட்டலங்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். பிரதீபா மேசையில் மூன்று தடித்த ஃபைல்களோடு இருந்தாள். இருபத்தாறு வயது. கையில் நீலக் கையுறை, தலையில் வலை, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை.

"எல்லாம் நீதான் செஞ்சதாம்மா?" என்றாள் மாதுமை.

"ரொஹானா அக்காவும் நானும்." பெண்ணின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "மார்ஜரின்ல இருந்து சீனி வரைக்கும் எல்லாத்துக்கும் சிஜில் வாங்கிட்டோம், ஹலால் சான்றிதழ். அந்த ஆணியில ஒரு பிரஷ் தொங்குச்சு, மெஷின் கூட்டுறது. என்ன முடியில செஞ்சதுன்னு கடைக்காரரு எழுதித் தர மாட்டேன்னுட்டாரு. பன்னி முடியா இருந்தா என்ன செய்யிறது? தூக்கிப் போட்டுட்டு நைலான் வாங்கிட்டோம்."

தரையில் மஞ்சள் கோடு ஓடியது. கோட்டுக்கு உள்ளே வறுவல், அரைவை, பொட்டலம். அங்கே வெளிச் செருப்புக்கு இடமில்லை. வாளி, பேசின், கரண்டி, துடைப்பம் என்று கண்ணில் பட்ட ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பச்சை ஸ்டிக்கர் இருந்தது.

"விட்டா எனக்கும் ஒன்னு ஒட்டிடுவீங்க போல," என்றான் சன்னாசி.

ரொஹானா சிரித்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாகவே புரியும் போலிருக்கிறது. பிரதீபா சிரிக்க முயன்றாள், முடியவில்லை.

மாதுமை கோட்டுக்கு வெளியே, கைப்பேசிப் படத்தில் டின் இருந்த இடப்பக்கச் சுவருக்கு முன்னால் போய் நின்றாள். புகை படிந்து மங்கிய சுவரில் ஓரிடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. மேலே ஓர் ஆணி.

"இங்க என்ன இருந்தது?"

"அப்பா படம்." பிரதீபா ஃபைலைப் புரட்டத் தொடங்கினாள். "பக்கத்துல சாமி மேடை. விளக்கு. கும்பிடுற சாமான் எதுவும் இடத்துல இருக்கக் கூடாது. ரூல் அப்படி. மூணு வாரத்துக்கு முன்னாடி எடுத்துட்டோம்."

"படம் இப்ப வீட்டில இருக்கா?"

"அம்மா எடுத்துட்டுப் போனாங்க. இன்னும் மாட்டல."

அவ்வளவுதான். அதற்குமேல் அவள் தலை நிமிரவில்லை.

*

"அக்கா, எதிரி யாரோ தெரியல. ஆனா ரொம்ப நல்ல எதிரி," என்றான் சன்னாசி, நெடுஞ்சாலையில் காரை ஏற்றியபடி.

"ஏன்?"

"கெடுக்க வந்தவன் டின்ன டிரம்முல ஊத்தியிருக்க மாட்டானா? இவன் பேசின் வச்சிருக்கான், தாள் விரிச்சிருக்கான், ஒரு சொட்டு தரையில படல. மஞ்சக் கோட்டைக்கூட தாண்டல."

"பேசினில பச்சை ஸ்டிக்கர் இல்லை," என்றாள் மாதுமை. "பட்டறை பேசின் கெட்டுப் போகக் கூடாது என்று புதுசா வாங்கியிருக்கிறது. இந்த ஸ்டிக்கருக்கு மரியாதை குடுக்கிற ஆள் உலகத்திலயே எத்தனை பேர் இருக்கும், சன்னாசி?"

சன்னாசி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான்.

"அந்தப் புள்ளயா? இருக்காதுக்கா. மாசக்கணக்கா உசுரக் குடுத்து ஃபைல் எழுதினது அதுதான். தன் தலையில தானே கல்லப் போட்டுக்குமா?"

"அதான் எனக்கும் விளங்கேல்லை. ஆள் தெரியுது. காரணம் தெரியேல்லை."

கார் தாப்பா ஊரைத் தாண்டியது. பீடோருக்குள் நுழைந்து ஆறாவது மைலில் ஒதுங்கினார்கள். தனேஸ்வரன் பிறந்தது ஆறாங்கட்டைத் தோட்டம் என்று புனிதவதி சொல்லியிருந்தாள். முத்திரையில் இருந்த ஆறு அதுவாகத்தான் இருக்கவேண்டும். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, அதுவும் பாதி போய் வீடமைப்பு வந்துவிட்டது. தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்கள் இருந்த இடத்தில் கார் கழுவும் நிலையம். ஆனால் முச்சந்தியில் லியோங் கடை மட்டும் தகரக் கூரையோடு அப்படியே உட்கார்ந்திருந்தது.

எழுபது வயது லியோங் நாற்காலியை விட்டு எழாமலே, "வா தம்பி, என்னா வேணும்?" என்றார். தோட்டத்துப் பிள்ளைகளோடு மண்ணில் புரண்டு கற்ற தமிழ்.

சன்னாசி கைப்பேசியில் டின்னின் அடிப்பாகத்தைக் காட்டினான். லியோங் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"நம்ம கடை முத்திர சாப்புதான். தனேசு மவ வாங்கிட்டுப் போச்சி. மூஞ்சி அப்பன உரிச்சி வச்சிருக்கு."

மாதுமை சன்னாசியைப் பார்த்தாள். சன்னாசி தரையைப் பார்த்தான்.

"ரெண்டு தடவ வந்துச்சி," என்று தொடர்ந்தார் லியோங். "வியாழக்கெழம மத்தியானம் ஒருக்கா. அதுக்கு முந்தின வாரம் ஒருக்கா. மொத தடவ வந்தப்ப ஒடனே ஒன்னும் வாங்கல. இங்க நின்னுக்கிட்டு, 'அங்கிள், எங்கப்பா எந்த ஸ்டவுட் குடிப்பாருன்னு தெரியுமா'ன்னு கேட்டுச்சி."

"அவளுக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? வீட்டுக்காரி சைவம். வீட்டுக்கு ஒரு டின்னு கொண்டு போக மாட்டான். மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம இங்க வருவான். இந்த பெஞ்சில குந்துவான். ஒரே ஒரு சின்ன டின்னு. ஐஸ் வேணாம்பான். குடிச்சிட்டு நாலு ஏலக்கா மென்னுக்கிட்டுத்தான் காரெடுப்பான். வாசம் தெரிஞ்சிடுமாம், அந்தம்மாவுக்கு." லியோங் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அந்தப் பொண்ணு பெஞ்ச தடவிப் பாத்துக்கிட்டே நின்னுச்சி. கையில நீல உறை மாட்டிக்கிட்டுத்தான் டின்ன வாங்குச்சி. தாளில சுத்திக் குடுன்னு சொல்லிச்சி. குடிக்கிற புள்ள இல்ல அது. நான் ஒன்னும் கேக்கல."

காரில் ஏறியதும் சன்னாசி சாவியைத் திருகாமலே மாதுமையின் பக்கம் திரும்பினான்.

"அக்கா, உங்க ஆளுங்க செத்தவங்களுக்கு என்னா படைப்பீங்க?"

"சோறு, சாம்பார், வடை, பாயாசம். அந்தியேட்டி, திவசம் எல்லாத்துக்கும் மரக்கறிதான்."

"எங்க தோட்டத்து ஆளுங்க அப்படி இல்லக்கா. அவரு உசுரோட இருக்கிறப்ப என்னா ஆசப்பட்டாரோ அதத்தான் வைப்போம். ஆட்டுக்கறி, சுருட்டு, ஸ்டவுட். எங்கண்ணனுக்கு வருசா வருசம் தீவாளிக்கு முத நாளு நான் ஒரு டின்னு தொறந்து வைக்கிறேன். மூடியோட வச்சா எப்படிக் குடிப்பாரு? தொறந்து, படத்துக்கு முன்னால வச்சிட்டு, கதவச் சாத்திட்டு வெளிய வந்துருவோம். ஆள் இருந்தா அவங்க வர மாட்டாங்க." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "படத்த எடுத்துட்டாங்க. வீட்டுல ஸ்டவுட்டு வைக்க முடியாது. அந்தப் புள்ள வேற எங்கக்கா வைக்கும்? படம் இருந்த சுவத்துக்கு முன்னாலதான் வைக்கும்."

மாதுமை சீட் பெல்ட்டைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். மாட்டிக்கொள்ள மறந்துவிட்டாள்.

"இருபத்திரண்டு வருஷம் இந்த வேலை செய்தனான்," என்றாள் கடைசியில். "இதை நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டன், சன்னாசி."

வழக்கமாக இப்படி ஒரு பாராட்டு கிடைத்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லிக் காட்டுவான். அன்றைக்குச் சாவியைத் திருகிக் காரை எடுத்தான்.

*

மூன்று மணிக்குப் பட்டறைக்குத் திரும்பினார்கள். ரொஹானா வேலை முடிந்து போயிருந்தாள். மாதுமை சுற்றி வளைக்கவில்லை. தாயையும் மகளையும் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டு, லியோங் கடை முத்திரையின் படத்தை மேசையில் வைத்தாள்.

பிரதீபாவின் முகம் வெளுத்தது. கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"நான்தான் வச்சேன்மா."

"நீயோ?" என்றாள் புனிதவதி.

"கனவுல வந்துக்கிட்டே இருக்காரும்மா. அந்தச் சுவத்துக்கிட்ட நிக்கிறாரு. உதடெல்லாம் வெடிச்சிருக்கு. ஒன்னும் பேசல, நிக்கிறாரு. ஆணியில இருந்து நான்தானம்மா அவர எறக்கினேன்! ரூல் ரூல்னு சொல்லி, ஏணி போட்டு நான்தான் எறக்கினேன். வீட்டுலயாவது மாட்டுவீங்கன்னு பாத்தேன். துண்டுல சுத்தி அலமாரிக்குள்ள வச்சிட்டீங்க." அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்தது. "நீங்க வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனப்புறம் வச்சேன். காலையில ஏழு மணிக்கு வந்து எடுத்துட்டு, கழுவிடலாம்னு நெனச்சேன். வந்து பாத்தா டின்னே இல்ல. பேசினும் இல்ல. தரை ஈரமா இருந்துச்சு."

"பிறகேன் திரும்பவும் வச்சனீ?"

பிரதீபா தாயை நேராகப் பார்த்தாள்.

"அப்பா வந்தாருன்னு நெனச்சேன்."

சன்னாசி தன் வாழ்க்கையில் முதல்முறையாக அந்த இடத்தில் இல்லாமல் இருக்க ஆசைப்பட்டான்.

"நானடி எடுத்தனான்," என்றாள் புனிதவதி மெல்ல. "ஆறு மணிக்கு வந்து நான்தான் எடுத்தனான்."

மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். புனிதவதி அவளைத் தொடவில்லை. மாதுமையின் பக்கம் திரும்பினாள்.

"தங்கச்சி, நான் உங்களை ஏன் கூப்பிட்டனான் தெரியுமே? சான்றிதழுக்காக இல்லை. அது போனாப் போகட்டும்." ஒரு மூச்சு இழுத்தாள். "கடைசி நாளுக்கு முதல் நாள் என்ர கையைப் பிடிச்சுக் கேட்டவர். 'புனிதம், ஒரு வாய் ஸ்டவுட் வாங்கித் தாறியா'ண்டு. அப்பிடி ஒரு நாளும் என்னட்ட அவர் கேட்டதில்லை. நாலு ஏலக்காய் சப்பிக்கொண்டு வருவார், எனக்குத் தெரியாதெண்டு நினைச்சு. எனக்கு எல்லாம் தெரியும். தெரியாத மாதிரியே இருபத்தெட்டு வருஷம் இருந்தனான். அவர் வாய் திறந்து கேட்டது அண்டைக்கு ஒருக்காத்தான். நான் ஏசிப்போட்டன். சாகப்போற நேரத்திலயும் இந்தக் கேடுகெட்ட ஆசையா எண்டு ஏசிப்போட்டன். அடுத்த நாள் போயிட்டார்."

"அம்மா…"

"இது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம். போன சனிக்கிழமை கதவைத் திறக்கிறன், அவற்ற படம் இருந்த இடத்துக்கு முன்னால அந்த டின் நிக்குது. பூட்டு பூட்டினபடி. அவற்ற சாவியைக் காணேல்லை. நான் என்னெண்டு நினைப்பன்?" அவள் குரல் குழந்தையுடையதுபோல் ஆகிவிட்டது. "பயந்தது உண்மை. ஆனா அந்தக் கிழமை ஏழு நாளும் நான் நித்திரை கொண்டனான், தங்கச்சி. எட்டு மாசத்துக்குப் பிறகு. நான் குடுக்காததை அவரே எடுத்துக் குடிக்க வந்திட்டார் எண்டு நினைச்சு நித்திரை கொண்டனான்."

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"சொல்லுங்கோ. நீங்கள் விசாரிச்சுக் கண்டுபிடிக்கிற ஆள்தானே." புனிதவதி மாதுமையின் கையைப் பிடித்தாள். "அப்ப, அவர் வரேல்லையா?"

பொய்யை முகத்தில் படித்தே இருபத்திரண்டு வருடம் சம்பாதித்தவள் மாதுமை. ஒரு பொய் சொல்வாள் என்று சன்னாசி எதிர்பார்த்தான். சொல்லட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டான்.

"வரேல்லை அக்கா," என்றாள் மாதுமை.

புனிதவதி தலையை ஆட்டினாள். சரி, சரி என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு அழத் தொடங்கினாள். கணவன் செத்த அன்றைக்கும் அழாதவள், கோப்பித் தூள் மூட்டைகளுக்கு நடுவில், மகளின் மடியில் தலையை வைத்து, எட்டு மாத அழுகையையும் சேர்த்து அழுதாள்.

அழுது ஓய்ந்தபின் பிரதீபா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஃபைலை இழுத்தாள்.

"நடந்தத எழுதி வைக்கணும்மா. மது வச்சது நான்னு, எங்க வச்சேன்னு, எப்படிக் கழுவினோம்னு. ரொஹானா அக்காகிட்டயும் சொல்லணும். திங்கட்கிழமை அவங்க கேக்கிறதுக்கு முன்னாடி நானே காட்டிடுறேன். சிஜில் கிடைக்காமலும் போகலாம்."

"எழுது," என்றாள் புனிதவதி.

வாசல் வரை வந்து வழியனுப்பும்போது அவள் சன்னாசியை மட்டும் தனியே நிறுத்தினாள். அவள் காரின் பின்பெட்டியில் அந்த நீலப் பேசின் இன்னும் இருந்தது.

"தம்பி, அந்தக் கடைக்குப் போற வழி எனக்குச் சொல்லும். இண்டைக்குப் படத்தை வீட்டில மாட்டப் போறன்." கொஞ்சம் தயங்கினாள். "அவர் அதை எப்பிடிக் குடிப்பார் எண்டு எனக்குத் தெரியாது."

சன்னாசிக்கு எப்போதும் நாக்கு நுனியில் ஒரு ஜோக் இருக்கும். தேடிப் பார்த்தான், கிடைக்கவில்லை.

"சின்ன டின்னுக்கா," என்றான். "ஐஸ் வேணாம்."